ஏர்போர்ஸ் இல்லைங்க, அது பட்டாளத்து விமானம்

எங்கள் தோட்டம் சுல்தான்பேட்டைப் பக்கம். சூலூர் விமானப்படைத் தளத்தில் கிளம்பும் தேஜஸ் போர் விமானம் சில நாட்களில் எங்கள் தென்னைகளுக்கு மேலேயே திரும்பும். அண்ணாந்து பார்ப்பதற்குள் போய்விடும், சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆன்-32 சரக்கு விமானம் அப்படியில்லை, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி நிதானமாகப் போகும். சிறு வயதிலிருந்து இதைக் கேட்டே வளர்ந்ததால் வானத்தில் பறக்கிற எதைக் கண்டாலும் எங்கள் ஊரில் ஒரே பெயர்தான்: ஏர்போர்ஸ்.

போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான். ப்ளஸ் டூ படிக்கிறான், விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசை. அவன் பள்ளியில் வழிகாட்டி வகுப்பு எடுத்தவர் சொன்னாராம், "பறக்கணும்னா ரெண்டே வழி. ஒண்ணு ஏர்போர்ஸ், இல்லைன்னா பணம் கட்டிப் படிச்சு பிரைவேட் ஏர்லைன்ஸ்." கடற்படைக்கு விமானிகள் இருப்பதையும் சொல்லவில்லை, ராணுவத்துக்கு இருப்பதையும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. ஆனால் என் பெரியப்பாவை நினைத்ததும் வருத்தமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெரியப்பா பீரங்கிப் படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். 1971 போரின்போது பஞ்சாப் எல்லையில் இருந்தார். விடுமுறைக்கு நாங்கள் போனால் திண்ணையில் உட்கார்த்தி வைத்துக் கதை சொல்லுவார். ஒருநாள் சின்ன விமானம் ஒன்றைப் பற்றிச் சொன்னபோது நான் இடையில் புகுந்து, "ஏர்போர்ஸ் விமானமா பெரியப்பா?" என்றேன். "இல்லை கண்ணு, அது நம்ம பட்டாளத்து விமானம். ஓட்டுனவரும் எங்களாட்டம் பீரங்கிக்காரருதான்" என்றார். அந்த ஒரு வரியை அவர் எத்தனை தடவை, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. கல்யாண வீட்டில், டீக்கடையில், பஸ்ஸில். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அந்த விமானத்தின் பெயர் கிருஷக். கிருஷக் என்றால் உழவர். பெங்களூரில் அரசின் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் உருவாக்கியது. 1959 நவம்பரில் முதலில் பறந்தது, ஏறத்தாழ 70 விமானங்கள் செய்தார்கள். மேலே இறக்கை, முன்னால் ஒரு விசிறி, 225 குதிரைத்திறன் எஞ்சின். உச்ச வேகமே மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டித்தான். அதற்கு முன்னால் இருந்தது ஆஸ்டர், பிரிட்டிஷ் காலத்து விமானம். 1947 ஆகஸ்டில் பிரிட்டிஷ்காரர்களின் 659ஆவது ஸ்குவாட்ரனிலிருந்து பிரிந்துதான் நம் ராணுவத்தின் முதல் 'ஏர் ஓபி' பிளைட், அதாவது சின்ன விமானப் பிரிவு, உருவானது. ஏர் அப்சர்வேஷன் போஸ்ட் என்பதன் சுருக்கம் அது. வானத்தில் கட்டிய காவல் பரண் என்று வைத்துக்கொள்ளலாம். சோளக்காட்டில் பரண் கட்டி உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தரையில் நிற்பவனுக்குப் பக்கத்துக் கதிர்தான் தெரியும், பரண் மேல் இருப்பவனுக்குக் காடு முழுக்கத் தெரியும்.

பீரங்கிக்காரர்களின் கஷ்டமும் அதேதான். குண்டு பல கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். சுடுபவருக்கு அது எங்கே விழுந்தது என்று தெரியாது. முன்னால் போய் ஒளிந்திருந்து பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி இருப்பார். ஒரு மேடோ தோப்போ குறுக்கே வந்தால் அவருக்கும் தெரியாது. அப்போதுதான் இந்தச் சின்ன விமானம் மேலே ஏறும். முதல் குண்டு இலக்கைத் தாண்டி விழுந்தால் விமானி வயர்லெஸ்ஸில் 'டிராப் 400' என்பார், தூரத்தை 400 குறை என்று அர்த்தம். அடுத்தது முன்னாலேயே விழுந்துவிட்டால் 'ஆட் 200', 200 கூட்டு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, சரியாக விழுந்ததும் எல்லா பீரங்கிகளையும் ஒன்றாகச் சுடச் சொல்லுவார். புளியம்பழத்துக்குக் கல் எறிகிற கணக்குதான் என்பார் பெரியப்பா. முதல் கல் தாண்டிப் போகும், இரண்டாவது எட்டாது, மூன்றாவது விழும். வித்தியாசம் என்னவென்றால், கீழே இருந்து இவரையும் சுடுவார்கள். அந்த விமானத்தில் திருப்பிச் சுட ஒன்றும் கிடையாது. மெதுவாகவும் போக வேண்டும். வேகமாகப் போனால் புகை எழும் இடத்தைக் குறிக்க முடியாது.

இந்த வேலைக்கு ஏன் விமானப்படை விமானியை வைக்கவில்லை? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரிகள் இதற்காகவே வாதாடினார்கள். விமானிக்குப் பீரங்கி வித்தையைச் சொல்லிக் கொடுப்பதைவிட, பீரங்கிக்காரருக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது மேல் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. கீழே கிடப்பது தன் படை, சுடுவது தன் பீரங்கி, வயர்லெஸ்ஸில் கேட்பது தன்னோடு சாப்பிட்ட ஆளின் குரல். அவருக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

அதே 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த லோங்கேவாலா சண்டையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கம்பெனியைச் சொல்வார்கள், ஜெய்சால்மரிலிருந்து வந்த விமானப்படையின் ஹண்டர் ஜெட் விமானங்களைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 1971 டிசம்பர் 4ஆம் தேதி ராத்திரி முழுக்க டாங்கிகளுக்கு எதிரே சுமார் 120 பேர் நின்றார்கள். ஹண்டர் இருட்டில் வந்து அடிக்க முடியாத விமானம், விடிந்த பிறகுதான் வந்தது. அப்படி வந்தபோது அந்த மணல்காட்டின் மேலே டாங்கிகள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் மேஜர் ஆத்மா சிங். அவர் ராணுவ விமானி, ஓட்டியது கிருஷக். ஜெட் விமானங்கள் பாய்ந்து அடித்துவிட்டுத் திரும்பிய வானத்தில், விசிறி வைத்த அந்தச் சின்ன விமானமும் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1970களில் கிருஷக்குகள் போய், சீட்டா ஹெலிகாப்டர்கள் வந்தன. அதில் எனக்குக் குறையில்லை. ஓடுபாதை வேண்டாம், மலை உச்சியில் ஒரு கட்டில் அகலம் கிடைத்தாலும் இறங்கும். சியாச்சினில் காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்தது அந்தச் சீட்டாதான். 1986 நவம்பர் 1ஆம் தேதி ஆர்மி ஏவியேஷன், அதாவது ராணுவத்தின் சொந்த விமானப் பிரிவு, தனிப் பிரிவாகவே ஆனது. துருவ், ருத்ரா, பிரசந்த் என்று வரிசையாக வந்தன. 2020இல் ஆர்டர் கொடுத்த 6 அபாச்சேக்களில் முதல் 3 விமானங்கள் 2025 ஜூலையில் வந்து இறங்கின. ஆனால் எல்லாமே ஹெலிகாப்டர். இறக்கை வைத்த விமானத்தை ஆள் உட்கார்ந்து ஓட்டிய காலம் கிருஷக்கோடு போயிற்று.

இங்கேதான் என் கருத்து. ராணுவத்துக்குச் சொந்தமாகச் சின்ன விமானங்கள் மறுபடியும் வேண்டும். போர் விமானம் கேட்கவில்லை, அது விமானப்படையின் வேலை, அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். நான் சொல்வது இரட்டை எஞ்சின் வைத்த, பத்துப் பேர் உட்காரும் அளவு விமானம். ஹெலிகாப்டரைவிட தூரம் போகும், அதிக நேரம் மேலே நிற்கும், ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவும் குறைவு. எல்லையோரம் நாள்பூராவும் பார்த்துக்கொண்டிருக்க, அவசரத்துக்கு ஒரு உதிரிபாகம் கொண்டுபோக, காயம்பட்டவரை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற உதவும். அமெரிக்க ராணுவம் 1966இல் தன் கரிபு சரக்கு விமானங்களை ஒப்பந்தம் போட்டு விமானப்படைக்குக் கொடுத்துவிட்டது. அப்படிக் கொடுத்தும், சி-12 போன்ற சிறு விமானங்களை இன்றுவரை தன் விமானிகளை வைத்தே ஓட்டுகிறது.

"அதுதான் விமானப்படை இருக்கிறதே, கேட்டால் கொடுக்க மாட்டார்களா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் சூலூரில் பல வருடம் வேலை பார்த்தவர். இருக்கிற விமானங்களை ஒரே கையில் வைத்திருந்தால்தான் எங்கே தேவையோ அங்கே அனுப்ப முடியும் என்பது அவர் வாதம். தள்ளிவிட முடியாத வாதம்தான். அவரிடம் நான் எங்கள் பக்கத்துப் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலைச் சொன்னேன். திருமூர்த்தி அணையிலிருந்து நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் பச்சை ஏது? இருந்தும் ஒவ்வொருவரும் கடன்பட்டாவது கிணறு வெட்டி வைத்திருக்கிறோம். காரணம், பயிர் வாடுகிற நாளும் நம் மண்டலத்து முறையும் ஒன்றாக வருவதில்லை. வாய்க்கால் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேவைப்பட்டாலும் தானே போய் மோட்டார் போட்டுக்கொள்ள ஒரு கிணறு வேண்டும் என்றுதான் சொல்வான். படைக்குச் சொந்த விமானம் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கிணறு வெட்ட ஆகும் காசையும் யோசிக்கணுமில்லைங்க" என்றார். அதுவும் உண்மை.

இன்னொருவர், இப்போது ட்ரோன் வந்துவிட்டதே என்பார். சரி. ஹெரான் போன்ற ஆளில்லா விமானங்கள் இப்போது ஆர்மி ஏவியேஷன் கையில்தான் இருக்கின்றன. அதுவும் இறக்கை வைத்த விமானம்தான் என்பதில் எனக்குச் சந்தோஷம். விமானி கீழே உட்கார்ந்து ஓட்டுகிறார், அவ்வளவே. பார்க்கிற வேலையை அது எடுத்துக்கொள்ளட்டும், உயிரும் மிச்சம். ஆனால் காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை அப்படியேதான் இருக்கிறது.

அக்கா பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். ராணுவ விமானிகளுக்கென்றே நாசிக்கில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, 2003இல் ஆரம்பித்தது. 2022இல் கேப்டன் அபிலாஷா பராக் அந்தப் பிரிவின் முதல் பெண் போர் விமானியானார். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பள்ளிகளில் வழிகாட்டி வகுப்பு எடுப்பவர்கள் தயவுசெய்து இந்த மூன்றாவது வழியையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. நம் பக்கத்தில் பீரங்கிப் படையில் இருந்து வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். ஏர் ஓபியோடு வேலை செய்தவர்கள், கிருஷக்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், பெயர்களை எழுதி வையுங்கள். சண்டை நின்ற பிறகு அந்தக் கிருஷக் விமானி பெரியப்பாவின் பேட்டரிக்கு, அதாவது அவர் இருந்த பீரங்கிப் பிரிவுக்கு, வந்தாராம். குரலை மட்டும் கேட்டிருந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தாராம். இனாமல் டம்ளரில் டீ குடித்துவிட்டு, "ஆபரேட்டர் யார்?" என்று கேட்டு இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம். பெரியப்பா அவர் பெயரைச் சொன்னார். நான் எழுதி வைக்கவில்லை. பெரியப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.