முன்கண்ணாடியா, செல்போன் கடையா?

கால் டாக்ஸியில் ஏறினால் முன்கண்ணாடிக்கு நட்டநடுவில் ஒரு செல்போன் தொங்குகிறது. பக்கத்தில் ரோட்டைப் படமெடுக்கும் டேஷ்கேம், கீழே பிள்ளையார், போதாததற்குப் பழைய ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் வேறு. ரோட்டைப் பார்க்க மிச்சம் எவ்வளவு இருக்கிறது?

கேட்டால், "மேப் பார்க்கச் சட்டமே விட்டிருக்கே சார்" என்பார்கள். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் வழி பார்க்க மட்டும்தான் போனை அனுமதிக்கிறது, அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி. ஸ்டாண்டில் மாட்டிய போனில் கிரிக்கெட் ஓட்டுவது இதில் சேராது. கையில் எடுத்துப் பேசினாலோ மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு: முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு.

இதைவிட எரிச்சல், இடதுபக்க டேஷ்போர்டில் 'ஏர்பேக்' என்று அச்சடித்த மூடியின் மேலேயே ஸ்டாண்டை ஒட்டுவது. வண்டி மோதினால் கண்ணிமைக்கும் முன் அந்த மூடி பிளந்து திறக்கும். ஸ்டாண்டும் போனும் பயணியின் முகத்துக்குத்தான் பாயும். முன்கண்ணாடியின் ஓரத் தூணில் கர்டன் ஏர்பேக் (மோதும்போது பக்கவாட்டில் திரைபோல் விரிவது) இருக்கும் வண்டியில் டேஷ்கேம் ஒயரை அதன் குறுக்கே இழுக்கிறார்கள். ஏர்பேக்குக்குப் பின்னால் அல்லவா கொண்டுபோக வேண்டும்?

சொரசொரப்பான டேஷ்போர்டில் ஸ்டாண்டை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்வம் கப் நிற்காது, காற்று புகுந்துவிடும். சித்திரை வெயிலில் ரப்பர் இளகி, ஸ்பீட் பிரேக்கரில் போன் பிரேக் பெடலுக்கடியில் போய் விழும். கண்ணாடியில்தான் ஒட்டுவேன் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, ஓட்டுபவர் பக்கக் கீழ் மூலையில் ஒட்டுங்கள். டேஷ்கேமுக்கு ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இடம் சும்மாதானே கிடக்கிறது!