செல்போனில் ஓட்டு என்றால் அந்த மறைப்பு அட்டை எங்கே?

கல்ஃபில் வேலை பார்க்கும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும், வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்கும் இருக்கிற இடத்திலேயே ஓட்டு வேண்டும். இன்றைக்கும் வெளிநாட்டுவாழ் வாக்காளர் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்துதான் போட வேண்டும் என்பது அநியாயம். ஆனால் "ஆப்பில் போட விடுங்க" என்கிற கோரிக்கையை நான் எதிர்க்கிறேன்.

வாக்குச்சாவடியில் மெஷினைச் சுற்றி நிற்பது வெறும் அட்டைதான். உள்ளே ஒரு நேரத்தில் ஒருத்தர். செல்போன் கூடாது. விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியும், அப்புறம் பெட்டிக்குள் விழுந்துவிடும், கைக்கு வராது. பணம் கொடுத்தவனுக்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால்தான் வெளியே ஒருவனுக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே நமக்குப் பிடித்த பட்டனை அழுத்த முடிகிறது.

லேபர் கேம்ப் ரூமில் ஓடிபி வரும்போது ஏஜென்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? ஓட்டு போகும் வழியில் யாரும் திருடாமல் என்க்ரிப்ஷன் காக்கும். முதுகுக்குப் பின்னால் நிற்கிறவனை அது ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் மருமகளின் போனை வாங்கி மாமனாரே அழுத்துவதும் இதே கதைதான்.

எஸ்தோனியா 2005 முதல் இணையத்தில் ஓட்டு வாங்குகிறது. எத்தனை தடவையும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். இணைய ஓட்டு சனிக்கிழமை இரவு 8 மணிக்கு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாவடிக்குப் போய்த் தாளில் போட்டால் இணைய ஓட்டு ரத்து. கியூஆர் வைத்து நம் ஓட்டைச் சரிபார்க்கவும் கொஞ்ச நேரம்தான் தருகிறார்கள். மிரட்டியவன் அதைப் பார்த்துத் திருப்தியாகப் போனாலும் பிறகு மாற்றிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் உயிர் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாவடியில் இருக்கிறது. அடையாள அட்டையையும் போனையும் சனி இரவு வரை ஒருவன் பிடுங்கி வைத்துக்கொண்டால் மிஞ்சுவது அது ஒன்றுதான். ரியாத்தில் இருக்கிறவருக்கு அதுவும் கிடையாது.

ஜூல்ஸ், கட்டலானோ, ஜேக்கப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இணைய ஓட்டுக்கு 2005இல் இன்னொரு வழி சொன்னார்கள். ஓட்டுப் போட ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சாவி, அதாவது ஒரு ரகசியக் குறியீடு, இருக்கும். மிரட்டுகிறவனிடம் ஒரு போலிச் சாவியைக் கொடுத்துவிடலாம். அதில் போட்ட ஓட்டு ஏற்றுக்கொண்ட மாதிரியே தெரியும், எண்ணிக்கையில் சேராது. அருமையான யோசனை. ஆனால் உண்மைச் சாவியைக் கையில் வாங்கும் நேரத்திலும், அதைப் போட்டு ஓட்டளிக்கும் நேரத்திலும் வாக்காளர் தனியாக இருக்க வேண்டும். நம்ம ஆட்களுக்குக் கிடைக்காதது அந்தத் தனிமைதான்.

ஆகவே அட்டையையே அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது, உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கு. நம்ம படகுகள் கரை சேரும் கொச்சித் துறைமுகத்தில் அப்படி ஒன்றை வைக்கலாம். ஒரு நாள் போதாது, படகு திரும்பும் கணக்குக்கு ஏற்றபடி சில நாள் திறந்திருக்க வேண்டும். கல்ஃபில் தூதரகங்களில் வைக்கலாம். கிள்ளியூர் தொகுதிக்குக் கொச்சியில் பூத் ஏஜென்டாக உட்காரப்போவது யார் என்பதைக் கட்சிகள் இப்போதே பேசித் தீர்க்கட்டும்.