உதட்டுக்குப் பழவாசனை வேண்டாம், பழக்கொட்டையின் கொழுப்பு போதும்

லிப் பாம் டப்பாவில் ஸ்ட்ராபெரி படம் இருந்தால் உள்ளேயும் ஸ்ட்ராபெரி இருக்கும் என்று நம்பித்தான் நம்மில் பலர் வாங்குகிறோம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் பல டப்பாக்களில் இருப்பது பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, நிறம், வாசனை. பெட்ரோலியம் ஜெல்லியைக் குறை சொல்லவில்லை. ஈரம் வெளியேறாமல் அடைத்து வைக்கும் வேலையை அது நன்றாகவே செய்கிறது. பழத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் காசு வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புனேயில் டிசம்பர், ஜனவரிக் காற்று அவ்வளவு வறட்சி. வாய்விட்டுச் சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்க்கும். எதிர் வீட்டு ஆஜிக்கு (மராத்தியில் பாட்டி) சொந்த ஊர் கொங்கண் கரையில் சிந்துதுர்க் பக்கம். என் உதட்டைப் பார்த்ததும் உள்ளே போய், கோழிமுட்டை அளவில் வெளிர்மஞ்சளாக ஒரு கட்டியை எடுத்துவந்து கொடுத்தார். கோகம் எண்ணெய். பெயர்தான் எண்ணெய், கையில் கல் மாதிரி இருந்தது.

கோகம் நம் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. ஏப்ரல், மே மாதங்களில் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். தோலை வெயிலில் உலர்த்திக் குழம்புக்குப் புளியாகப் போடுவார்கள், தேங்காய்ப்பால் சேர்த்துச் சோல்கடி என்ற பானம் செய்வார்கள். மிஞ்சும் கொட்டையையும் வீசுவதில்லை. காயவைத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டால் கொழுப்பு மேலே மிதந்து வரும். அதை வழித்தெடுத்து, ஆறியதும் கையால் உருட்டி வைப்பார்கள். கொங்கண் வீடுகளில் பித்தவெடிப்புக்கும் உதட்டு வெடிப்புக்கும் வழிவழியாக இதுதான்.

இது உருக ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். நேராக உதட்டில் தேய்த்தால் வறவறவென்று இழுக்கும். கத்தியால் கொஞ்சம் சீவி, உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துச் சூடாக்கினால் மெல்ல இளகும். முகம் கழுவியதும் உதட்டில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். இது ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைக் காக்கும். உதட்டுத் தோல் மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் உடம்பில் மற்ற இடங்களுக்கு முன்னால் உதடு காய்கிறது.

இப்போது நான் பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கிச் சின்ன டப்பாவில் ஊற்றிக்கொள்கிறேன். விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வரும். வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முழங்கை, குதிகால் எல்லாவற்றுக்கும் இதேதான். உதட்டுத் தோல் உரிவது நின்றுவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி, இரவில் தூக்கத்தில் உதட்டை நக்கும் பழக்கமும் தானாகவே குறைந்தது. நக்க நக்க எச்சில் உலர்ந்து வறட்சி கூடும் என்பது தெரிந்தும் விட முடியாமல் இருந்த பழக்கம் அது.

சரி, இயற்கை என்றாலே உதட்டுக்கு நல்லதா? இல்லை. உதடு கறுத்தால் எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. வெடித்த தோலில் அமிலம் எரியும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளம் வந்து கறுத்துப்போகக்கூட வாய்ப்புண்டு. தயவுசெய்து குழந்தைகளுக்குச் செய்யாதீர்கள். வாயோரத்தில் புண் வந்து ஆறாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், எந்த பாமும் அதற்கு மருந்தில்லை.

கடையில் வாங்குவதானால் பொருட்பட்டியலின் முதல் சில வரிகளைப் பாருங்கள். அதிகம் சேர்த்ததுதான் முன்னால் வரும். 'கார்சீனியா இண்டிகா சீட் பட்டர்' என்று மேலேயே இருந்தால் கோகம் உண்மையிலேயே இருக்கிறது. கடைசியில் வாசனைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பேருக்குத்தான்.

இன்னொன்று. 2000-ல் ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் கோகோ வெண்ணெயோடு சேர்த்துக்கொள்ள அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் கோகமும் உண்டு, மாங்கொட்டைப் பருப்பும் உண்டு. மாங்கொட்டைக் கொழுப்பு கோகத்தைவிடச் சற்று மிருது, உதட்டுக்கு இன்னும் சுலபம். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் கொட்டைக்கா பஞ்சம்? ஆஜியின் ஊரில் பெண்கள் வீட்டு அடுப்பிலேயே செய்யும் வேலையை நம் ஊர் மகளிர் குழுக்களும் எடுத்துச் செய்யலாமே. அப்படி யாராவது ஏற்கெனவே செய்து விற்றால் கமெண்டில் சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.