கோலைவிட அந்தக் கறுப்புப் பெட்டிதான் உலுக்குகிறது

ஐரோப்பியச் சடங்கு மந்திரத்தில் ஆவிகளை அடக்கும் சக்தி மந்திரக்கோலில்தான் இருந்தது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'சாலமோனின் திறவுகோல்' என்ற பழைய மந்திர நூல் கோலுக்கு விதிக்கும் பக்குவம் பெரிதுதான்: ஓராண்டு மட்டுமே வளர்ந்த ஹேசல் மரம், புதன்கிழமை சூரிய உதயம், ஒரே வெட்டு. ஆனாலும் அது அதிகாரத்தின் அடையாளம் மட்டுமே. ஆவியைப் பணிய வைப்பது கடவுளின் திருநாமங்கள் என்றே அந்த மந்திரவாதிகள் நம்பினார்கள்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று, மிரட்டல். 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் உள்ள 'கோயிட்டியா' என்ற ஆவிகளை அழைக்கும் நூல் 72 ஆவிகளைச் சொல்கிறது. கூப்பிட்டும் வராத ஆவியின் முத்திரையை (அதற்குரிய அடையாளச் சின்னத்தை) கறுப்புப் பெட்டியில் போட்டு, கந்தகமும் பெருங்காயமும் சேர்த்து, இரும்புக் கம்பியால் சுற்றி, வாள் நுனியில் தொங்கவிட்டு நெருப்பில் காட்ட வேண்டுமாம். நம் அடுக்களையில் மணக்கும் அதே பெருங்காயம்! கைதியை வதைப்பது போன்ற அந்த வரிகளை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

1580களில் ஆங்கிலேய அறிஞர் ஜான் டீ இப்படி மிரட்டவில்லை. ஜெபம் செய்தே தேவதூதர்களோடு பேச முயன்றார். அவருடைய மெழுகு முத்திரைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவரைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.