எக்ஸ்இ-யை மறந்துவிடுங்கள், டேட்டா கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள்

பழைய கேம் ஒன்று புதுக் கணினியில் ஓடவில்லை என்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, 'விண்டோஸ் 95' என்று தேர்வு, மறுபடி டபுள் கிளிக். மறுபடி அதே பிழைச் செய்தி. அந்தப் பெட்டி பெரும்பாலும் செய்வது, "இது விண்டோஸ் 95தான்" என்று கேமிடம் பொய் சொல்வதும் சில சில்லறை ஒட்டுவேலைகளும் மட்டுமே. 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸில் ஓட்ட அதனால் முடியாது. ப்ராசசர் 64 பிட் முறைக்குப் போனதும், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் நிரல்கள் நம்பியிருந்த விர்ச்சுவல் 8086 முறை (பழைய 16 பிட் ப்ராசசரைப்போல நடிப்பது) அதில் இல்லாமல் போய்விடுகிறது. மைக்ரோசாஃப்டும் 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை ஓட்டும் அடுக்கையே சேர்க்கவில்லை. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் இனி அந்தக் கதவு திறக்கப்போவதில்லை.

என் கட்சி இதுதான்: பழைய கேமில் காப்பாற்ற வேண்டியது அதன் டேட்டா கோப்புகள். படம், வசனம், இசை, மேப், ஸ்கிரிப்ட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எக்ஸ்இ என்பது கேமை ஓட்டும் நிரல், அந்தக் காலத்து ஹார்ட்வேருக்காக எழுதியது, அது போனால் போகட்டும். அதே டேட்டாவைப் படிக்கும் புது எஞ்சினை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பழைய டாஸ் கணினியைப்போல நடிக்கும் டாஸ்பாக்ஸ். விண்டோஸ் கேமாக இருந்தால், கேமுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் ராப்பர். நிறுவனமே புதுப்பித்து விற்கும் ரீமாஸ்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

அட்வென்ச்சர் கேம்களில் இந்த விவாதம் என்றோ முடிந்துவிட்டது. 2001-இல் வெளிவந்த ஸ்கம்விஎம் இருக்கிறது. இதை எமுலேட்டர், அதாவது பழைய கணினியைப்போல நடிக்கும் நிரல், என்று தப்பாக நினைப்பவர்கள் நிறையப் பேர். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1987-இல் 'மேனியாக் மேன்ஷன்' செய்தபோதே, கதை, புதிர், வசனம் எல்லாவற்றையும் தனி ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி, அதைப் படிக்கும் இன்டர்பிரட்டரை ஒவ்வொரு கணினிக்கும் தனியாகச் செய்தார்கள். ஸ்கம்விஎம் என்பது அந்த இன்டர்பிரட்டரைப் புதிதாக எழுதியதுதான். பிறகு சியரா, ரெவல்யூஷன் என்று மற்ற நிறுவனங்களின் எஞ்சின்களும் சேர்ந்தன. டாஸ் இங்கே ஆட்டத்திலேயே இல்லை.

வேலை எளிது. 'டே ஆஃப் த டென்டக்கிள்' என்றால் மூன்று கோப்புகள் போதும்: டென்டக்கிள்.000, டென்டக்கிள்.001, மான்ஸ்டர்.எஸ்ஓயு. ஒரு ஃபோல்டரில் போட்டு, 'ஆட் கேம்' கொடுத்து, ஃபோல்டரைக் காட்டினால் எந்தப் பதிப்பு என்று அதுவே கண்டுபிடிக்கும். குரல் வராமல் எழுத்து மட்டும் வந்தால் மான்ஸ்டர் கோப்பு இல்லை என்று அர்த்தம். இடத்தை மிச்சப்படுத்த குரலையும் வீடியோவையும் வெட்டியெடுத்த 'ரிப்' பிரதிகள் நம் ஊர் சிடிக்களில் நிறையப் புழங்கின. பழைய பிரதியைத் தோண்டி எடுப்பவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள். சட்டப்படி இலவசமாக ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், 2003-இல் இலவசமாக்கப்பட்ட 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கிறது.

'மங்கி ஐலண்ட்' முதல் பாகத்தின் சிடி பதிப்பில் வேறொரு சிக்கல். இசை கோப்பாக இல்லை, ஆடியோ சிடியில் இருப்பதுபோலத் தனி டிராக்காக இருக்கிறது. டிஸ்க்கைத் திறந்து கோப்புகளை மட்டும் காப்பி செய்தால் கேம் ஊமையாக ஓடும். டிராக்குகளைத் தனியாகப் பிரித்தெடுத்து, டிராக்1, டிராக்2 என்ற வரிசையில் ஓஜிஜி அல்லது ஃப்ளாக் ஒலிக் கோப்பாக அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும். 'வார்கிராஃப்ட் 2', 'ஹீரோஸ் 2' போன்ற ஸ்ட்ராட்டஜி கேம்களின் டிஸ்க்குகளும் இதே சாதி. டிஸ்க்கை ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக எடுத்தால் இசை போய்விடும், ஏனென்றால் ஐஎஸ்ஓவில் ஆடியோ டிராக் ஏறாது. பின்/கியூ வடிவில்தான் எடுக்க வேண்டும். டாஸ்பாக்ஸில் அந்தக் கியூ கோப்பை 'ஐஎம்ஜிமவுன்ட்' கட்டளையால் ஏற்றினால் இசை வரும்.

இசையைப் பற்றி இன்னொன்று. 'மங்கி ஐலண்ட் 2'-வை ஆட்லிப் சவுண்ட் கார்டு ஒலியில் மட்டும் கேட்டுவிட்டு "ஆமாம், நன்றாக இருக்கிறது" என்பவர்கள் அதைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். ரோலண்டின் எம்டி-32 என்ற இசைப் பெட்டி 1987-இல் வந்தது. அந்தக் காலத்துப் பல அட்வென்ச்சர் கேம்களின் இசையை அதை மனதில் வைத்தே அமைத்தார்கள். அதன் எமுலேஷன் ஸ்கம்விஎம்முக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பெட்டியின் சிப்பில் இருந்த ரோம் கோப்புகள் ரோலண்டின் பதிப்புரிமை என்பதால் கூட வராது. இரண்டு கோப்புகள் வேண்டும்: 64 கேபி கன்ட்ரோல் ரோம், 512 கேபி பிசிஎம் ரோம். அவற்றை 'எக்ஸ்ட்ரா பாத்' என்ற ஃபோல்டரில் வைத்து, ஒலி அமைப்பில் எம்டி-32 எமுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது பலரும் கண்டுகொள்ளாத விஷயம், படத்தின் உருவம். 320×200 படம் அன்றைய 4:3 மானிட்டரை முழுதாக நிரப்பியது. அதாவது ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இன்றைய திரையில் பிக்சல் சதுரம் என்பதால், அப்படியே பெரிதாக்கினால் எல்லோரும் குட்டையாகி, நிலா முட்டையாகப் படுத்துவிடும். ஸ்கம்விஎம்மில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்ஷன்' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். கன்ட்ரோல்+ஆல்ட்+ஏ அழுத்தினாலும் மாறும். கணக்கு சுத்தமாக வருவது அகலத்தில் 5 மடங்கு, உயரத்தில் 6 மடங்கு: 1600×1200. 1440 வரித் திரையில் அது கச்சிதமாக உட்காரும். 1080-இல் முழு எண் பெருக்கம் வராது, ஓரங்கள் லேசாக மழுங்கும், பொறுத்துக்கொள்ளலாம். பிக்சலை உருக்கி எண்ணெய் ஓவியமாக்கும் ஃபில்டர்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பழைய குழாய் மானிட்டரின் தோற்றம் தரும் சிஆர்டி ஷேடர் போடுங்கள், ஆட்சேபணை இல்லை.

ஸ்ட்ராட்டஜி பக்கம் நிலைமை இவ்வளவு சுமுகமில்லை. மாற்று எஞ்சின்கள் நிறைய உண்டு, ஆனால் எல்லாம் ஒரே நேர்மையுடன் எழுதப்பட்டவை அல்ல.

என் பார்வையில் முதலிடம் ஓப்பன்எக்ஸ்காமுக்கு. 1994-இன் 'எக்ஸ்-காம்' டாஸ் கேமில் பெயர்பெற்ற ஒரு பிழை உண்டு. எந்தக் கடின நிலையைத் தேர்ந்தெடுத்தாலும், சேவ் செய்து திரும்ப லோட் செய்தால் கேம் சத்தமில்லாமல் ஆரம்ப நிலைக்கு இறங்கிவிடும். 'சூப்பர்ஹியூமன்' நிலையில் ஜெயித்ததாகப் பெருமை பேசியவர்கள் பலர் உண்மையில் எல்கேஜி பரீட்சைதான் எழுதினார்கள். ஓப்பன்எக்ஸ்காம் இதைச் சரிசெய்கிறது, ஆனால் போர் விதிகளையும் கணக்குகளையும் மூலத்தின்படியே வைத்திருக்கிறது. நிறுவியதும் 'யுஎஃப்ஓ' ஃபோல்டருக்குள் ஜியோடேட்டா, மேப்ஸ், ரூட்ஸ், டெரைன், யூனிட்ஸ் முதலான மூல ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்தால் போதும்.

ஓப்பன்டிடிடி வேறு ரகம். கிறிஸ் சாயர் அசெம்பிளியில் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' 1995-இல் வந்தது. அதை 2004-இல் மறுஆக்கம் செய்தவர் லுட்விக் ஸ்ட்ரிகியஸ். ஸ்கம்விஎம்மைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவரேதான். மியூடோரன்ட் என்ற டவுன்லோட் நிரலும் இவர் கைவேலை! இப்போது ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் என்ற இலவசப் படத்தொகுப்பு இருப்பதால் மூல டேட்டாகூட வேண்டாம். சிக்னல், ரயில் பாதை, மேப் அளவு எல்லாம் மூலத்தைவிட வெகுதூரம் வளர்ந்துவிட்டது. இங்கே மட்டும் நான் மூலத்துக்காக வாதாட மாட்டேன்.

ஓப்பன்ஆர்ஏ விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அருமையான கேம், ஆனால் அது பழைய 'ரெட் அலர்ட்' இல்லை. யூனிட்களின் பலம், பார்வை எல்லை, கட்டளை முறை எல்லாம் வேண்டுமென்றே மாற்றப்பட்டவை. பழைய ஆட்டத்தின் அதே சமநிலை வேண்டுமென்றால் 2020 ரீமாஸ்டரே மேல். அதில் ஓடுவது மூல ஆட்டத்தின் லாஜிக்தான், அந்தப் பகுதியின் சோர்ஸ் கோடையும் ஈஏ நிறுவனம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது.

டாஸ்பாக்ஸுக்குப் போக நேர்ந்தால் 'டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்' என்ற புதுப் பதிப்பை எடுங்கள். கடைகள் கேமோடு சேர்த்துத் தரும் பொதியில் பெரும்பாலும் பழைய 0.74தான் இருக்கும். பெரிய தொல்லை வேகம். மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோன மாத்திரத்தில் மேப் மறுமுனைக்குப் பறந்தால் டாஸ்பாக்ஸின் ப்ராசசர் வேகமான 'சைக்கிள்ஸ்' அளவைக் குறையுங்கள். தோராயமாக 386-க்கு 6000, 486 டிஎக்ஸ்2-க்கு 25000. கன்ட்ரோல்+எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். ஒலி கரகரத்தால் பலர் சைக்கிள்ஸைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் ப்ராசசர் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. கேமின் செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16, போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். ஐஆர்க்யூவை 5 என்று விட்டுவிட்டு, ஒலி சிக்கிக்கொண்டு கேம் உறைகிறது என்று புலம்புவோர் ஏராளம்.

90களின் பிற்பகுதி விண்டோஸ் கேம்கள்தான் உண்மையில் சிக்கல் பிடித்தவை. சிலவற்றில் கேம் 32 பிட், இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்! டிஸ்க்கில் கோப்புகள் சுருக்கப்படாமல் இருந்தால் கையால் காப்பி செய்தே ஓட்டலாம். இல்லையென்றால் 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலை ஓட்டும் வைன்விடிஎம், அல்லது லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன், அந்த இன்ஸ்டாலரை ஓட்டிவிடும். 1996-இன் 'சிவிலைசேஷன் 2' முழுவதுமே 16 பிட், அதற்கும் இதே வழி. சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு போட்ட டிஸ்க்குகளுக்கு விண்டோஸ் 10-இலிருந்து நேரடி வழி இல்லை. அந்த டிரைவரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கைவிட்டது. டிஸ்க் தேவைப்படாத பதிப்பை வாங்குவதே சரி.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' பழைய பதிப்பில் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிகிறதா? 256 நிறப் பலகையில் கேமுக்குரிய சில இடங்களை டெஸ்க்டாப் பிடித்துக்கொள்வதால் வரும் கோளாறு. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரைக் கொல்வது பழைய வைத்தியம். இப்போது சிஎன்சி-டிடிரா என்ற ராப்பரின் டிடிரா.டிஎல்எல் கோப்பை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும். வைனில் ஓட்டுபவர்கள் அந்த டிஎல்எல்லை 'நேட்டிவ், பில்ட்இன்' என்று ஓவர்ரைடு செய்ய மறக்காதீர்கள், மறந்தால் வைன் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும்.

'ஹீரோஸ் 3' வாங்குகிறவர்கள் கவனம். 2015-இல் வந்த எச்டி எடிஷனில் இரண்டு விரிவாக்கங்களும் கிடையாது, ரசிகர் சமூகம் செய்த மாட்களும் (மாற்றத் தொகுப்புகள்) அதில் ஒட்டாது. ஜிஓஜி என்ற இணையக் கடையில் இருக்கும் 'கம்ப்ளீட்' பதிப்பை வாங்குங்கள். விசிஎம்ஐ என்ற மாற்று எஞ்சினுக்கும், மூல கேமைப் பெரிய திரைக்கு ஏற்றபடி ஓட்டும் எச்டி மாடுக்கும் வேண்டிய டேட்டா அதில்தான் இருக்கிறது. விசிஎம்ஐயின் கணினி எதிராளி மூலத்திலிருந்து வேறுபட்டு ஆடும் என்பதால், பழைய வியூகங்கள் அப்படியே செல்லுபடியாக வேண்டும் என்பவர்கள் எச்டி மாடோடு நின்றுகொள்ளலாம்.