களியக்காவிளையைத் தாண்டினா சட்டம் செத்துப்போச்சா?

அந்த டைமிங் பெல்ட் (எஞ்சின்ல வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற பெல்ட்) கதையை நான் நீட்டி முழக்கலை: குழித்துறைக்காரர் ஒருத்தர் எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளாவுல பெல்ட் மாத்தினார், அப்புறம் எஞ்சின் கெட்டு வண்டி நின்னுபோச்சு. என் எரிச்சல் பாறசாலைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் மேலகூட இல்லை. "கேரளாவுல போயி கேஸ் நடத்த முடியுமா, விட்டுத்தள்ளு மக்கா"ன்னு அந்த மனுஷனுக்கு உபதேசம் பண்ணினீங்களே, உங்க மேலதான்.

கேரளாவுக்கு யார் போகச் சொன்னது? 2020 ஜூலையில நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34-ஆம் பிரிவு: புகார் கொடுக்கிறவர் குடியிருக்கிற இடத்துலயே வழக்குப் போடலாம். அவர் வீடு குழித்துறை. அப்போ நாகர்கோவில்ல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாகர்கோவில்! எல்லை தாண்டி வர வேண்டியது ஒர்க்‌ஷாப்காரர்.

செலவா? வக்கீல் கட்டாயமில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணமே கிடையாது. நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்துல வீட்ல இருந்தே பதியலாம். கெடு 2 வருஷம். டாக்ஸியா ஓட்டினாலும், சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுறவர் நுகர்வோர்தான்.

கேஸ் நிக்கிறது சாட்சியத்துல. பெல்ட் மட்டும் புதுசு, அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் அது உருண்டு ஓடுற ஐட்லர் பேரிங்கும் பழசுங்கிறதுதான் சந்தேகம். தேய்ஞ்ச டென்ஷனர் தளர்ந்தா பெல்ட் பல் தாண்டும். வால்வு மூடறதுக்கு முன்னாடியே பிஸ்டன் மேல வந்து முட்டும், வால்வு வளையும். இதை நிரூபிக்க ஜாப் கார்டு (என்ன வேலைன்னு எழுதின சீட்டு) வேணும், என்னென்ன பார்ட்ஸ் மாத்தினாங்கன்னு எழுதின பில் வேணும். பில் தராததே சட்டப்படி முறையற்ற வணிகம், அதையும் புகார்ல சேர்க்கலாம்.

எஞ்சினை அவசரப்பட்டுத் திறக்காதீங்க. முதல்ல ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ், 15 நாள் அவகாசம். 'இன்ன தேதியில வேற ஒர்க்‌ஷாப்புல திறக்கிறோம், வந்து பாருங்க'ன்னு அதுலயே எழுதணும். வரலைன்னா வீடியோ எடுத்துக்கிட்டே திறந்து, வண்டிச் சேதத்தை மதிப்பிடுற சர்வேயர்கிட்ட எழுத்துல அறிக்கை வாங்கணும். கழற்றின பெல்ட், டென்ஷனர், வளைஞ்ச வால்வு எல்லாம் சாக்குல கட்டி வீட்டுக்கு வரணும். பழைய இரும்பு வாங்குற ஆக்கர்காரனுக்குப் போட்டா கேஸும் அதோட போச்சு.

"ஆசான் பாவம்"னு அந்த மெக்கானிக்குக்காகச் சொல்றீங்க. பாவம்தான். வண்டி நின்னு ரெண்டு தவணை கட்டாம இருக்கிறவன் மட்டும் ஜமீன்தாரா? "வருஷக்கணக்கா இழுக்கும்." இழுக்கும். சட்டம் 3 மாசம்னு சொல்லுது, ஆய்வு வேணும்னா 5. அது நடக்காதுன்னு எனக்கும் தெரியும். அதுக்காக நோட்டீஸ்கூட அனுப்பக் கூடாதா? நிறைய விவகாரம் நோட்டீஸ் போன வாரத்துலயே பேசி முடியுது. போன தடவை இதைச் சொன்னப்போ "சட்டம் பேச வந்துட்டாரு"ன்னு சிரிச்சீங்க. சிரிங்க.

ஒண்ணு மட்டும். பாக்கி தந்தாதான் வண்டின்னு சொன்னா அங்க மல்லுக்கு நிக்க வேண்டாம். 'ஆட்சேபணையோட செலுத்துறேன்'னு பில்லுல எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கிட்டு வண்டியைக் கட்டி இழுத்துட்டு வாங்க.

நாளைக்கு அவங்களே எஞ்சினைக் கழற்றப் போறதா கேள்வி. இன்னைக்கே போயி கிலோமீட்டர் ரீடிங்கையும் பெல்ட் கவரையும் போட்டோ எடுக்க வண்டிக்காரர்கூட ஒரு ஆள் வேணும். உபதேசம் பண்ணினவங்கள்ல யார் வர்றீங்க?