பத்து வருடம் காத்திருந்த பயிற்சியாளர், மூன்றரை மாத சீசன்

போன வாரம் டெக்சாஸில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டார். அவருடைய மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்து கிளப்பில் சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து, ஆடுகிறான், சனி ஞாயிறு முழுக்க இவர்தான் கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். "கல்லூரி சாக்கர் எல்லாம் செத்துப்போன சமாசாரம் என்கிறார்களே, இன்னும் இதற்குச் செலவு பண்ணத்தான் வேண்டுமா?" என்றார். போனில் ஏதோ பதில் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது இண்டியானா பல்கலைக்கழகத்தில், புளூமிங்டனில். அமெரிக்காவில் இண்டியானா என்றால் கூடைப்பந்து. அப்படிப்பட்ட ஊரில் ஆகஸ்டு கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மாணவர்கள் பில் ஆம்ஸ்ட்ராங் ஸ்டேடியத்துக்குக் கிளம்புவார்கள். ஆடுகளத்தைச் சுற்றி ஒரு ஓடுபாதை இருக்கும். வசந்த காலத்தில் லிட்டில் 500 சைக்கிள் பந்தயம் நடப்பது அதில்தான். நான் முதல்முறை போனது அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனதால். அதற்கப்புறம் என்னை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த அணியின் கதை ஒரு மனிதரின் காத்திருப்பிலிருந்து தொடங்குகிறது. ஜெர்ரி யேக்லி 1963-இல் புளூமிங்டன் வந்தார். அங்கே சாக்கர் அப்போது வெறும் மாணவர் கிளப். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி கிடையாது, மற்ற அணிகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் வசதியும் கிடையாது. பத்து வருடம் அப்படியே நடத்தினார். 1973-இல்தான் அதிகாரபூர்வ அணி என்ற தகுதி வந்தது. மூன்றே வருடத்தில், 1976-இல், தேசிய இறுதிப்போட்டிக்குப் போய்விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திடம் 1-0 என்று தோல்வி. 1978-லும் 1980-லும் மறுபடி இறுதிப்போட்டி, மறுபடி தோல்வி. மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பிய ஒரு பயிற்சியாளரை இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகம் பொறுத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

1982-இல் நான்காவது முறை, எதிரே டியூக். ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேலில் நடந்த ஆட்டம். 90 நிமிடம் முடிந்தும் சமநிலை. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் எட்டாவது கூடுதல் நேரத்தில்தான் முடிந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறார்கள், 20 வயதுப் பையன்கள். 2-1 என்று இண்டியானா ஜெயித்தது. இரண்டு கோலும் அடித்தவர் கிரெக் தாம்ப்சன். அவர் தடுப்பாட்டக்காரர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அடுத்த வருடமும் கோப்பை, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக 1-0. அந்த ஒற்றைக் கோலை அடித்த பீட் ஸ்டோயனோவிச்சை அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், பிற்பாடு மயாமி டால்ஃபின்ஸ் அணியில் பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் கிக்கராக இருந்தவர் அவரேதான்.

அப்புறம் 1988, 1998, 1999. கடைசியாக 2003. அதுதான் தன் கடைசி சீசன் என்று யேக்லி முன்பே அறிவித்திருந்தார். ஒஹையோவின் கொலம்பஸில், டிசம்பர் குளிரில் செயின்ட் ஜான்ஸை 2-1 என்று ஜெயித்துவிட்டு, ஆறு தேசியக் கோப்பைப் பட்டங்களோடும் 544 வெற்றிகளோடும் விடைபெற்றார். மறு வருடம் மைக் ஃபிரைடாக் பயிற்சியில் ஏழாவது பட்டம். 2012-இல் ஜெர்ரியின் மகன் டாட் யேக்லி பயிற்சியாளராக எட்டாவதை வாங்கித் தந்தார். டாட் இதே அணிக்காக ஆடி 1994 இறுதிப்போட்டியில் தோற்றவர். 1987-இலிருந்து 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் தேசியத் தொடருக்கு இந்த அணி தகுதி பெற்றிருக்கிறது. பட்டக் கணக்கில் இதற்கு மேலே இருப்பது செயின்ட் லூயிஸ் மட்டும்தான், பத்து பட்டம். அந்தப் பத்தாவது வந்த வருடம் 1973, இண்டியானா அதிகாரபூர்வ அணியான அதே வருடம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். செத்துப்போனது என்று ஏன் சொல்கிறார்கள்? திறமையான பிள்ளைகளை எம்.எல்.எஸ். என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் கிளப்புகள் தங்கள் அகாடமியில் சேர்த்து, பதினாறு பதினேழு வயதிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுகின்றன. அது உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் 16 வயதில் பழுத்துவிடுவதில்லை. ரோமன் செலன்டானோ என்ற கோல்கீப்பர் இண்டியானாவில் ஆடி, 21 வயதில், எம்.எல்.எஸ். கிளப்புகள் வரிசையாக ஆள் எடுக்கும் 2022 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வாகி எஃப்.சி. சின்சினாட்டிக்குப் போனார். அடுத்த வருடம் அந்த அணி லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தது. ஏய்டன் மாரிஸ் ஒரே ஒரு சீசன் புளூமிங்டனில் ஆடினார். அடுத்த வருடமே, 19 வயதில், கொலம்பஸ் க்ரூ அணிக்காக எம்.எல்.எஸ். இறுதிப்போட்டியில் முதல் பதினொருவரில் இறங்கிக் கோப்பை வாங்கினார். அவரை இறக்கிய பயிற்சியாளர் கேலெப் போர்ட்டரும் பழைய இண்டியானா ஆட்டக்காரர்தான். இப்படியொரு வழி திறந்திருக்கும்போது அதைச் செத்த வழி என்று எப்படிச் சொல்வது?

என்னைக் கேட்டால், கல்லூரி சாக்கரின் உண்மையான நோய் அகாடமி இல்லை, காலண்டர். ஆகஸ்டு கடைசியில் ஆட்டங்கள் தொடங்கும். நவம்பர் ஆரம்பத்தில் வழக்கமான ஆட்டங்கள் முடியும். அப்புறம் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) தொடர், அப்புறம் 48 அணிகளின் தேசியத் தொடர், டிசம்பர் நடுவில் இறுதிப்போட்டி. எல்லாம் சேர்த்து மூன்றரை மாதம்தான். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், நடுவாரத்தில் பஸ் பயணம், விட்டுப்போன வகுப்புகள், தசைப்பிடிப்பு. பந்தோடு நிதானமாகப் பயிற்சி செய்ய ஒரு முழு வாரம் கிடைப்பதில்லை. இறுதிப்போட்டிக்குப் போகும் அணி செமஸ்டர் தேர்வையும் அதே வாரத்தில் சுமக்கும். வசந்த செமஸ்டர் முழுக்க, பெயருக்குச் சில நட்பு ஆட்டங்களைத் தவிர, காலியாகக் கிடக்கிறது.

இவ்வளவு நெருக்கமாக ஆடவைப்பதால்தான் விதிகளும் வளைந்திருக்கின்றன. உலகின் தொழில்முறை ஆட்டங்களில் வெளியே எடுத்த ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. இங்கே வரலாம். ஆள் களைத்துவிடுகிறார்களே, வேறென்ன செய்வது? கடிகாரம்கூட 45-இலிருந்து கீழே இறங்கி ஓடும், நடுவர் நிறுத்தினால் நிற்கும். 2022-இலிருந்து வழக்கமான ஆட்டங்களில் கூடுதல் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். 1982-இல் எட்டு முறை ஆடியதையெல்லாம் திரும்பக் கேட்கவில்லை, அது உடம்புக்கு ஆகாது. ஆனால் கூடுதல் நேரத்தை வெட்டுவதற்குப் பதிலாக சீசனைப் பரப்பியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு மாணவர்கள் வந்து நம் பிள்ளைகளின் இடத்தைப் பிடிக்கிறார்கள் என்று மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். நானும் வெளிநாட்டு மாணவனாகத்தான் அந்த ஊருக்குப் போனேன், அந்தப் பையன்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று மாதத்தில் முடிவு காட்ட வேண்டிய பயிற்சியாளர் 18 வயதுப் பையனை எடுத்து வளர்க்க மாட்டார், ஏற்கெனவே தயாரான 22 வயது ஆளைத்தான் தேடுவார். அவருக்கு நேரம் கொடுங்கள், அவரும் வளர்ப்பார்.

இரண்டு செமஸ்டரிலும் பரப்பி, வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று வைக்கலாம் என்று பயிற்சியாளர்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். பிப்ரவரியில் பனி பெய்யுமே என்பார்கள். டிசம்பரில் மட்டும் வெயிலா அடிக்கிறது? செலவு கூடும் என்பார்கள். பணம் முக்கியம், அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2020 ஏப்ரலில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் ஆண்கள் சாக்கர் அணியையே மூடிவிட்டது. தெற்கே எஸ்.இ.சி. என்ற பெரும் பணக்காரக் கான்ஃபரன்ஸில் 16 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆண்கள் சாக்கர் அணி வைத்திருப்பவை கென்டக்கியும் சவுத் கேரோலைனாவும்தான், அவையும் இதற்காக வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய் ஆடுகின்றன. ஆண்கள் சாக்கருக்குப் பணம் இல்லாததற்கு, பெண்கள் விளையாட்டுக்குச் சம வாய்ப்புத் தந்த 1972 சட்டத்தின்மேல் சிலர் பழி போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பல வருடங்களாக ஓர் ஆண்கள் சாக்கர் அணி முழுவதற்கும் சேர்த்து அனுமதித்தது 9.9 முழு உதவித்தொகை, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 85. பெண்களா இதை எடுத்துக்கொண்டார்கள்? 2025-இல் அந்த வரம்புகள் போய், சாக்கர் அணியில் 28 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகை எத்தனை பேருக்கு என்பது இனி அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மனசைப் பொறுத்தது.

வசந்த காலத்தில் ஆட முடியுமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே ஒரு தடவை பதில் கிடைத்துவிட்டது. கோவிட் காரணமாக 2020 சீசனைத் தள்ளிவைத்து, இறுதிப்போட்டியை 2021 மே மாதம் வட கேரோலைனாவின் கேரி நகரில் நடத்தினார்கள். ஆடியது இண்டியானாவும் மார்ஷல் பல்கலைக்கழகமும். கோலில் நின்றது அதே செலன்டானோ. 90 நிமிடம் கோல் இல்லை, கூடுதல் நேரத்தில் ஜமில் ராபர்ட்ஸ் அடித்த கோலில் மார்ஷல் ஜெயித்தது. 2017 இறுதிப்போட்டியிலும் கூடுதல் நேரத்தில்தான் தோற்றோம், ஸ்டான்ஃபோர்டிடம். 2022-இல் சிரக்யூஸிடம் பெனால்டியில், 7-6 என்று. மூன்று தோல்வியும் 90 நிமிடத்துக்கு அப்புறம் வந்தவை. இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்த மே மாத ஆட்டத்தை நினைத்தால் தோல்வியோடு வேறொன்றும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது: பச்சைப் புல், தேர்வு முடிந்த பிள்ளைகள், குளிருக்குக் காதை மூடாமல் உட்கார்ந்து பார்த்த கூட்டம்.

நண்பரே, மகனை ஆடவிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அங்கே பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: முதல் வருடம் ஆட இடம் கிடைக்காத பையனை நான்காவது வருடத்துக்குள் என்ன செய்வீர்கள்?